தொழில் என்ற கட்டம் காலி. அவள் சும்மாவா இருந்தாள்?

கேள்வி: 1911-ல் லண்டன் ஒய்ட்சேப்பலில் வாழும் ஒரு யூதத் தையல்காரர் குடும்பத்தை வைத்து நாவல் எழுதுகிறேன். ரஷ்யப் பேரரசின் கோவ்னோவிலிருந்து வந்தவர்கள். கணவன் ஒரு பட்டறையில் இஸ்திரி போடுகிறான். அந்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்கள் சிலவற்றைப் பார்த்தேன். மனைவி பெயருக்கு எதிரே தொழில் என்ற கட்டம் காலியாக இருந்தது. அதனால் என் கதாநாயகியையும் வீட்டில் இருப்பவளாகவே எழுதினேன். ஆனால் கதை அவள் பக்கம் வரும்போதெல்லாம் படுத்துவிடுகிறது. முதல் ஏழு அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்? — ஒரு வாசகி, திருச்சி

பதில்: கதை படுத்துவிடுவதற்குக் காரணம், நீங்கள் அந்தக் காலிக் கட்டத்தை அப்படியே நம்பிவிட்டதுதான். அந்தக் குடும்பங்களில் கல்யாணமானதும் பெண்கள் பட்டறைக்குப் போவதைப் பெரும்பாலும் நிறுத்தினார்கள், அது உண்மை. வேலையை நிறுத்தினார்கள் என்பது உண்மையில்லை. வேலை வீட்டுக்குள் வந்தது, அவ்வளவுதான்.

வாடகையிலிருந்து தொடங்குங்கள். ஒய்ட்சேப்பல், ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பக்கம் அன்றைக்கு வீடு கிடைப்பதே பெரும்பாடு. சாவியைக் கையில் வாங்கவே திரும்பி வராத ஒரு தொகை அழ வேண்டும். இரண்டு அறைக்கு அவ்வளவு வாடகை கொடுக்கிற குடும்பம் என்ன செய்யும்? ஊரிலிருந்து புதிதாக வந்த பையன் ஒருவனை ஒண்டுக்குடியாகச் சேர்த்துக்கொள்ளும். அவன் படுப்பது சமையலறையில். அவனுக்குச் சோறு, துணி துவைப்பது, சட்டைக் கிழிசல் தைப்பது எல்லாம் உங்கள் கதாநாயகி தலையில். அவன் கொடுக்கும் காசு நேராக வாடகைக்குப் போய்விடும். படிவத்தில் அந்தப் பையனுக்கு ஒரு வரி உண்டு, அவனுக்கு அவள் செய்த வேலைக்கு இடம் இல்லை.

அப்புறம் காஜா. கோட்டுத் தயாரிப்பில் ஒருவர் வெட்டுவார், ஒருவர் நூலோட்டுவார், ஒருவர் மிஷினில் அடிப்பார், ஒருவர் இஸ்திரி போடுவார். காஜா எடுப்பது, உள்துணியை ஹெம்மிங் செய்வது, பட்டன் தைப்பது போன்ற கைவேலைகள் பெரும்பாலும் பெண்களுக்கு. கல்யாணத்துக்கு முன் அவள் செய்துவந்தது இதுவாகவே இருக்கலாம். கையோடு வந்த தொழில், பிறகு எங்கே போகும்? மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, குழந்தை தூங்கிய பிறகு விளக்கடியில் தைத்திருப்பாள். தையல் மிஷின்கூட எட்டாத பொருள் இல்லை. யூதர்களின் உதவி அமைப்பான ஜூயிஷ் போர்டு ஆஃப் கார்டியன்ஸ் ஏழைக் குடும்பங்களுக்குத் தவணை முறையில் மிஷின் ஏற்பாடு செய்து கொடுத்தது.

கணவனின் வருமானத்தை ஒரே சீராகக் காட்டியிருக்கிறீர்கள், அதையும் மாற்ற வேண்டும். தையல் தொழில் பருவத்தை நம்பிய தொழில். ஆர்டர் குவியும் வாரங்களில் விடியற்காலை போனவன் ராத்திரி திரும்புவான். கனத்த இஸ்திரிப் பெட்டி, ஈரத்துணி, அறை முழுக்க ஆவி. ஆர்டர் ஓய்ந்தால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் வேலை கிடைத்தாலே அதிர்ஷ்டம். அந்த வாரங்களில் வீட்டைத் தாங்குவது காஜாவும் ஒண்டுக்குடியும் அடகுக்கடையும்தான். அவளுடைய அத்தியாயங்களை இந்தச் சீசன் கணக்கில் ஓடவிட்டுப் பாருங்கள். கதை தானாக எழுந்து நடக்கும்.

முதலாளியைச் சுருட்டுப் பிடிக்கும் ராட்சசனாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒப்பவில்லை. அந்தப் பட்டறைகளில் பெரும்பாலானவை பத்துப் பேர்கூட இல்லாதவை. நேற்றுவரை கூலிக்குத் தைத்தவன் இன்று வீட்டு மாடியில் நாலு பேரை உட்காரவைத்து முதலாளி ஆவான், சீசன் போனால் மறுபடியும் கூலிக்கே திரும்புவான். அவன் சுரண்டுகிறான், சரி. அவனுக்கு வேலை கொடுக்கும் பெரிய கடை அவனைச் சுரண்டுகிறது என்பதும் வர வேண்டும்.

முதல் அத்தியாயத்தில், யூதர்களைக் குறிவைத்து நடந்த 1903 கிஷினேவ் படுகொலையில் வீடு எரிகிறது. கிஷினேவ் இருப்பது ரஷ்யப் பேரரசின் தென்மேற்கு மூலையான பெசராபியாவில், உங்கள் ஆட்கள் லித்துவேனியாக் கோவ்னோக்காரர்கள். இரண்டுக்கும் நடுவில் ஏகப்பட்ட தூரம். பயம் எங்கும் இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் லித்துவேனியாவிலிருந்து கிளம்பிய பலரைத் துரத்தியது பிழைப்பில்லாத வறுமை, யூதர்கள் எங்கே வசிக்கலாம் என்பதில் இருந்த சட்டத்தடை, ராணுவத்துக்கு ஆள் பிடிப்பது. முதலில் கணவன் வருவான். காசு சேர்த்துக் கப்பல் டிக்கெட் அனுப்புவான். மனைவி குழந்தைகளோடு பின்னால் வருவாள். வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறுவதைக் கட்டுப்படுத்த 1906 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த அந்நியர் சட்டத்துக்குப் பிறகு என்றால், துறைமுகத்தில் அதிகாரி பையைத் திறந்து பணம் பார்த்த காட்சியும் கிடைக்கும்: தனக்கு 5 பவுண்டு, உடன் வரும் ஒவ்வொருவருக்கும் 2 பவுண்டு. தீயைவிட இது உங்கள் நாவலுக்குப் பொருந்தும்.

இன்னொரு யோசனை. கதையை ஓராண்டு நீட்டி 1912-க்குக் கொண்டுபோகலாமே? அந்த வசந்தத்தில் மேற்கு லண்டன் தையல்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கிழக்கு லண்டன் யூதத் தையல்காரர்களும் ஆயிரக்கணக்கில் வெளியே வந்தார்கள். அவர்களைத் திரட்டியவர் ருடால்ஃப் ராக்கர், யூதரே அல்லாத ஜெர்மானியர், இந்த யூதர்களின் பேச்சுமொழியான யித்திஷைக் கற்றுக்கொண்டு யித்திஷ் பத்திரிகை நடத்திய அனார்க்கிஸ்ட், அதாவது அரசே வேண்டாம் என்ற கொள்கைக்காரர். தையல்காரர்கள் ஜெயித்தார்கள். அதே சமயத்தில் நடந்த லண்டன் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தமோ இழுத்துக்கொண்டே போனது. அப்போது அவர்களுடைய பட்டினிப் பிள்ளைகளை, 300 பேருக்கு மேல், யூத வீடுகள் எடுத்து வைத்துக்கொண்டன. ஏற்கெனவே ஒண்டுக்குடியும் ஐந்து பிள்ளைகளும் இருக்கும் இரண்டு அறைக்குள், யித்திஷ் ஒரு வார்த்தை தெரியாத துறைமுகப் பையன் ஒருவன் வந்து நிற்கிறான். அவனை எங்கே படுக்கவைப்பது என்று முடிவு செய்பவள் உங்கள் கதாநாயகி.

முடிவில் மகன் பெரிய கடைச் சங்கிலி தொடங்குவதை எடுத்துவிடுங்கள். லீட்ஸ் சந்தையில் 1884-ல் பென்னிக் கடை போட்ட மைக்கேல் மார்க்ஸ் பின்னாளில் மார்க்ஸ் அண்டு ஸ்பென்சர் ஆனார். மற்றவர்களில் பெரும்பாலோர் பட்டன் தைத்தபடியேதான் இருந்தார்கள்.

கடைசியாக, ஏழாம் அத்தியாயத்தில் சனிக்கிழமை மத்தியானம் அவள் சுடச்சுட மீன் பொரிக்கிறாள். மதப்பற்றுள்ள வீடு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள், அன்று அடுப்பு மூட்டமாட்டார்கள். மீனை வெள்ளிக்கிழமை பகலிலேயே பொரித்து, மறுநாள் ஆறியபடி சாப்பிடுவார்கள். சூடாகத்தான் வேண்டும் என்றால், இறைச்சியும் பீன்ஸும் போட்ட சோலண்ட் பானையை வெள்ளிக்கிழமை சூரியன் சாயுமுன் பேக்கரி அடுப்பில் கொண்டுபோய் வைக்கட்டும். சனிக்கிழமை மத்தியானம் போய் எடுத்துவரப் பிள்ளைகளை அனுப்பலாம்.