மதுரையில் பிறக்கும் பேரக்குழந்தை அமெரிக்க அதிபர் ஆகலாமா?

கேள்வி: மேற்படிப்புக்குப் போன என் மகள் 12 ஆண்டுகளாக அமெரிக்காவில் இருக்கிறாள், குடியுரிமையும் வாங்கிவிட்டாள். மருமகன் இந்தியக் குடிமகன். தலைப்பிரசவம் மதுரையில் என்று முடிவு செய்திருக்கிறோம். அங்கே பிறக்காத குழந்தைக்கு அரைகுறைக் குடியுரிமைதான், அதிபராகக்கூட முடியாது என்கிறார்கள் உறவினர்கள். உண்மையா?

பதில்: அரைகுறை என்று ஒன்று கிடையாது. கணவன் மனைவியில் ஒருவர் மட்டும் அமெரிக்கர் என்றால், பிரசவத்துக்கு முன் அவர் மொத்தம் 5 ஆண்டுகள் அந்நாட்டு மண்ணில் இருந்திருக்க வேண்டும். அதில் 2 ஆண்டுகள் 14 வயதுக்குப் பிறகு. மாணவர் விசாவில் இருந்த காலமும் சேரும். உங்கள் பேரக்குழந்தை பிறக்கும்போதே அமெரிக்கக் குடிமகன்தான்.

அதிபர் பதவி மட்டும் இன்னும் தீராத விவகாரம். அதற்கு 'இயல்பிலேயே பிறவிக் குடிமகனாக' இருக்க வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டம். யார் அப்படிப்பட்டவர் என்று விளக்கவில்லை. 1790ஆம் ஆண்டுச் சட்டம், அமெரிக்கர்களுக்கு வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளையும் அதே தொடரால் குறித்தது. 1795இல் அது போய், வெறும் 'குடிமக்கள்' என்று ஆனது. ஏன் மாற்றினார்கள் என்பதில்தான் இன்றும் சண்டை.

வெளிநாட்டில் பிறந்தவர் அதிபராக முடியாது என்னும் எதிர்த்தரப்பு சொல்வதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. அமெரிக்கத் தாய்க்கு இத்தாலியில் பிறந்த பெல்லே என்பவர், உரிய வயதுக்குள் 5 ஆண்டுகள் அமெரிக்காவில் வசிக்காததால் குடியுரிமையை இழந்தார். 1971இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அதைச் சரி என்றது. நாடாளுமன்றச் சட்டத்தால் வந்த குடியுரிமைக்கு நாடாளுமன்றமே நிபந்தனை போடலாமாம். அப்படிப்பட்டவர் எப்படி 'இயல்பிலேயே' குடிமகன் என்று கேட்கிறார்கள். (பயப்படாதீர்கள், அந்த நிபந்தனையை 1978இல் நீக்கிவிட்டார்கள்.)

ஆனாலும் என் கருத்து மறுபக்கம்தான். பிறந்த பிறகு விண்ணப்பித்து வாங்க வேண்டியிராத குடியுரிமை, பிறவிக் குடியுரிமைதான். அமெரிக்கத் தாய்க்குக் கனடாவில் பிறந்த செனட்டர் டெட் க்ரூஸ் 2016இல் அதிபர் பதவிக்குப் போட்டியிட்டபோது பென்சில்வேனியா நீதிமன்றமும் அப்படியே சொன்னது. உச்ச நீதிமன்றம் மட்டும் இதுவரை வாய் திறக்கவில்லை. வாக்காளர்கள் தொடுக்கும் வழக்குகள், 'இதில் உங்களுக்கு என்ன தனிப்பாதிப்பு?' என்ற கேள்வியிலேயே விழுந்துவிடுகின்றன.

இதற்காகப் பிரசவத்தை மாற்ற வேண்டாம். மகளின் பழைய பாஸ்போர்ட்டுகள், கல்லூரிச் சான்றுகள், வரிப் படிவங்களை இப்போதே எடுத்து வையுங்கள். விடுமுறைக்கு ஊருக்கு வந்த நாட்களை அந்த 5 ஆண்டுக் கணக்கில் கழித்துவிடுவார்கள். குழந்தை பிறந்ததும் சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்து, அப்புறம் பாஸ்போர்ட் வாங்குங்கள்.