லெட்ரோசோல் தரும் மூட்டு வலிக்கு அக்குபங்சர் உதவுமா?

மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து லெட்ரோசோல் சாப்பிடும் உங்கள் அம்மாவுக்கு மூட்டெல்லாம் வலி, ஊசி குத்திக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றாவது ஆண்டாக அதே மாத்திரையை விழுங்கிக்கொண்டிருப்பவள் நான்.

"வயசாகிவிட்டது, அப்படித்தான்" என்பார்கள். காதில் வாங்காதீர்கள். உடம்பில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதை அடக்குவதுதான் இந்த மருந்தின் வேலை. அதைச் சாப்பிடுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மூட்டு வலி வருகிறது. எனக்குக் காலையில் விரல்கள் மடங்காது. வெந்நீரில் கையை வைத்து எடுத்த பிறகுதான் பால் பாக்கெட்டையே கத்தரிக்க முடியும்.

இந்த வகை மாத்திரைகளால் வலிப்பட்ட 226 பெண்களை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது, 2018இல் வெளியானது. ஆறு வாரத்தில் 12 முறை ஊசி. பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டதில், முறையாகக் குத்திக்கொண்டவர்களுக்குச் சுமார் 2 புள்ளி குறைந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பெயருக்குக் குத்தப்பட்டவர்களுக்கும், குத்தாமலே காத்திருந்தவர்களுக்கும் சுமார் 1. இவ்வளவுதானா என்று எனக்கும் தோன்றியது. ஆனால் நானும் குத்திக்கொண்டு, என் முழங்கால் வலி ஆறிலிருந்து நாலுக்கு இறங்கியபோது, கைப்பிடிச் சுவரைப் பிடிக்காமல் மாடிப்படி இறங்கினேன். நாலாவது வாரத்தில்தான் அது தெரிந்தது. கட்டைவிரல் வலி மட்டும் இன்றுவரை அசைந்துகொடுக்கவில்லை.

நான் முதலில் போன இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாடி பார்த்தவர், "மாத்திரையை நிறுத்திவிடுங்கள் அம்மா, உடம்பே சரிசெய்துகொள்ளும்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். நோய் திரும்பாமலிருக்கத்தான் அந்த மாத்திரை. வலி தாங்காமல் அதை விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தானே ஊசியைத் தேடிப் போகிறோம்!

அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால், அந்தப் பக்கக் கையில் ஊசி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கை வீங்குகிற ஆபத்து இருக்கிறது. புதிய ஊசி உறையை அம்மாவின் கண்முன்னே பிரிக்க வேண்டும். புற்றுநோய் டாக்டரிடம் மறைக்காதீர்கள். வலி அடங்காவிட்டால் அனஸ்ட்ரோசோல், எக்ஸமெஸ்டேன் என்று அதே வகையில் வேறொன்றுக்கு மாற்றிப் பார்ப்பார். நடைப்பயிற்சியும் வலியைக் குறைக்கும், அதற்குக் கட்டணமும் இல்லை. ஓரிடத்தில் மட்டும் புதிதாக எலும்பு வலி வந்து நாளுக்கு நாள் கூடினால், ஊசிக்காரரிடம் போகாமல் நேரே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.