விடுமுறைக்குப் பொம்மை வாங்குவதா, செய்வதா? டெல்டா வீடுகளின் கேள்விகளுக்குப் பதில்கள்

காலாண்டு விடுமுறை, நவராத்திரி, தீபாவளி என்று அடுத்தடுத்து வருகின்றன. கும்பகோணத்தில் மழலையர் வகுப்பு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு என்ன வாங்கலாம், வீட்டில் என்ன செய்யலாம் என்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். விலை கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்; அது கடைக்குக் கடை மாறும்.

கேள்வி (மன்னார்குடி, இரண்டரை வயதுப் பெண்ணின் அம்மா): டீச்சர், தீபாவளிக்கு ஐந்நூறு ரூபாய்க்குள் மகளுக்கு ஏதாவது வாங்க வேண்டும். கடைக்காரர் பாட்டுப் பாடி நடக்கும் நாய்க்குட்டியைக் காட்டுகிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் என்பேன். அந்த நாய்க்குட்டி பாடும், நடக்கும், கண் சிமிட்டும். உங்கள் மகள் செய்வதற்கு அதில் எதுவும் மிச்சமில்லை. இந்த வயதில் கை அடுக்கவும் கொட்டவும் நிரப்பவும் இழுக்கவும் துடிக்கும். அதற்கு இடம் கொடுக்கும் பொருளாகப் பாருங்கள். மரக்கட்டைகள் ஒரு பை, நடுத்தர அளவில் ஒரு ரப்பர் பந்து, கொஞ்சம் சொப்புச் சாமான் போதும். மரத்தில் கடைந்த சொப்பு கிடைத்தால் அதை எடுங்கள். தகரச் சொப்பின் விளிம்பு கையைக் கீறும். மிச்சப் பணத்தை அப்படியே வைத்திருங்கள். தீபாவளிக்கு மாமாவும் அத்தையும் எப்படியும் இரண்டு பொம்மையாவது கொண்டுவருவார்கள்.

கேள்வி (சென்னையிலிருந்து தஞ்சாவூருக்கு விடுமுறைக்கு வருபவர்): நான்கு வயது மகனுக்குத் தலையாட்டி பொம்மை வாங்க ஆசை. ஆனால் அதில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்காது என்கிறார்கள். சட்டப்படி முத்திரை கட்டாயம் அல்லவா? எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: முதலில் சட்டம். 14 வயதுக்கு உட்பட்டோருக்கான விளையாட்டுப் பொருள்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்பது உண்மைதான். ஆனால் கைவினை மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்துகொண்ட கைவினைஞர்கள் செய்து விற்பவற்றுக்கும், புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் அதில் விலக்கு உண்டு. தஞ்சாவூர் பொம்மைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆகவே முத்திரை இல்லை என்பதற்காக அதைப் போலி என்று ஒதுக்காதீர்கள். பிளாஸ்டிக் பொம்மையில் முத்திரை இல்லாவிட்டால் மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

முத்திரை இல்லாதபோது உங்கள் கண்ணும் கையும்தான் சோதனைக் கூடம். தஞ்சாவூரில் இரண்டு வகை பார்ப்பீர்கள். நாட்டியப் பெண் பொம்மையில் பாவாடை, உடல், தலை எல்லாம் தனித்தனித் துண்டுகள். ஒன்றன் மேல் ஒன்று கம்பியில் உட்கார்ந்து ஆடும். பார்க்க அழகு. ஆனால் நான்கு வயதுப் பையன் தலையை முதலில் கழற்றுவான், கம்பியை அடுத்து. அது அலமாரிக்கு உரியது. இன்னொன்று, சாய்த்தால் எழுந்து நிற்கும் ராஜா ராணி. குழந்தை விளையாட அதுவே சரி.

ராஜாவை வாங்கும்போது தரையில் வைத்து நன்றாகச் சாய்த்து விடுங்கள். ஆடி ஆடி நேராக நிற்க வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றால் அடிக்கனம் நடுவில் இல்லை என்று பொருள். கைக்குட்டையை நனைத்து வண்ணத்தின் மேல் தேயுங்கள். சாயம் ஒட்டினால் வேண்டாம். எதையும் வாயில் வைக்கும் தம்பி, தங்கை வீட்டில் இருந்தால் பொம்மையை உயரத்தில் வையுங்கள். பெரிய கோயில் வாசலிலும் புன்னைநல்லூர் மாரியம்மன் கோயில் பக்கமும் கடைகள் இருக்கின்றன. பேரம் பேசத் தயங்குபவர்கள் அரசின் கைவினைப் பொருள் கடையான பூம்புகார் விற்பனை நிலையத்துக்குப் போகலாம்.

கேள்வி (அதே நபர்): அது ஏன் விழுவதில்லை என்று மகன் கேட்கிறான். நானும் யோசித்துப் பார்த்தேன், சொல்லத் தெரியவில்லை.

பதில்: சொல்லாதீர்கள். செய்ய வையுங்கள். இந்த விடுமுறையில் ஒரே ஒரு கைவேலைதான் செய்ய நேரம் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

தேங்காய் துருவியபின் கிடைக்கும் கொட்டாங்குச்சியில் கண் இல்லாத மூடியை எடுத்துக்கொள்ளுங்கள். வெளி நாரைச் சுரண்டி, சொரசொரப்பான சிமெண்டுத் தரையில் தேய்த்தால் அடிக்கூர் மழுங்கும். இது பெரியவர் வேலை. உப்புத்தாள் இருந்தால் விளிம்பையும் ஒரு தடவை தேய்த்துவிடுங்கள். பழைய மாதக் காலண்டர் தாளைக் கூம்பாகச் சுருட்டி மூடியின் வாயில் பொருந்துகிறதா என்று பாருங்கள். இப்போதைக்கு ஒட்ட வேண்டாம்.

கூம்பை மேலே வைத்துச் சாய்க்கச் சொல்லுங்கள். விழும், அல்லது கோணலாக நிற்கும். பிறகு மூடியின் அடியில் களிமண்ணை ஒரு கிள்ளு வைத்து அழுத்தச் சொல்லி, மீண்டும் சாய்க்கட்டும். இன்னொரு கிள்ளு. ஏதோ ஒரு கட்டத்தில் அது தானாக எழுந்து நிற்கும். அப்போது குழந்தையின் முகத்தைப் பாருங்கள். அடுத்து, நீளமான கூம்பு ஒன்றை மாற்றி வைக்கச் சொல்லுங்கள். உச்சியில் ஒரு களிமண் உருண்டையை ஒட்டச் சொல்லுங்கள். பழையபடி விழும். கனம் அடியில் இருந்தால் எழும், மேலே போனால் விழும் என்று அவனே சொல்லிவிடுவான். தஞ்சாவூர் பொம்மையின் சூட்சுமமும் அதுதான்: உருண்டையான அடியில் களிமண் கனம், மேலே காகிதக் கூழ் போன்ற லேசான உடல். சாயும்போது கனம் சற்று மேலே ஏறுகிறது. கீழே இறங்கப் பார்க்கும் அந்தக் கனமே பொம்மையை நிமிர்த்துகிறது.

கடைசியாகக் கூம்பைப் பசை தடவி ஒட்டி, மீசை வரையலாம். களிமண்ணை மூடி நிறைய அடைக்கக் கூடாது. கால்வாசி, அதிகம் போனால் மூன்றில் ஒரு பங்கு.

கேள்வி (பாபநாசம்): பசையை வீட்டிலேயே காய்ச்சலாமா? துத்தம் போட வேண்டும் என்கிறார் மாமியார்.

பதில்: துத்தம் போடவே கூடாது. சுவரொட்டி ஒட்டுபவர்கள் பூச்சி அரிக்காமல் இருக்கச் சேர்ப்பது அது. தாமிரச் சத்துள்ள நஞ்சு. பசை தடவிய விரல் எப்படியும் வாய்க்குப் போகும். இரண்டு மேசைக்கரண்டி மைதாவை ஒரு தம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கண்ணாடி போல் பளபளக்கும் வரை கிளறுங்கள். குளிர்பதனப் பெட்டியில் இரண்டு மூன்று நாள் தாங்கும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சுங்கள்.

கேள்வி (நாகப்பட்டினம், ஒன்றரை வயதுக் குழந்தையின் அப்பா): திருவிழாக் கடையில் விளக்கு எரியும் சிறு பொம்மைகள் மலிவாகக் கிடைக்கின்றன. குழந்தைக்கும் பிடிக்கிறது. ஏதும் ஆபத்து உண்டா?

பதில்: உண்டு. பலருக்கும் தெரியாத ஆபத்து என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அந்த விளக்குக்குள் இருப்பது பொத்தான் அளவுள்ள வட்ட பேட்டரி. குழந்தை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், ஈரம் பட்டதும் மின்சாரம் ஓடி இரண்டு மணி நேரத்துக்குள் திசுவை அரித்துவிடும். பேட்டரி தீர்ந்ததுபோல் இருந்தாலும் ஆபத்துதான். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். 108-ஐ அழைத்து, எக்ஸ்ரே எடுத்து உடனே சிகிச்சை தரக்கூடிய பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் மூன்றிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

பேட்டரி மூடி திருகாணி போட்டு முறுக்கியதாக இருந்தால் மட்டுமே அந்தப் பொம்மை வீட்டுக்குள் வரலாம். விரல் நகத்தால் திறக்க முடிந்தால் வேண்டாம். பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டைக்குள்ளும் இதே பேட்டரிதான்.

இதே வரிசையில் இன்னும் இரண்டு. தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல்லி மணிகள் வயிற்றுக்குள்ளும் பெருக்கும், குடலை அடைக்கும். சிறு காந்த உருண்டைகளில் இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போடும். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் இரண்டையும் வைத்திருக்காதீர்கள். ஊதாத பலூனையும் கிழிந்த பலூன் துண்டையும் உடனுக்குடன் பொறுக்கி எறியுங்கள்.

கேள்வி (திருக்காட்டுப்பள்ளி): பொம்மையோ அதன் பாகமோ எவ்வளவு சிறியது என்றால் ஆபத்து?

பதில்: சோதனைக் கூடத்தில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழலில் போட்டுப் பார்ப்பார்கள். முழுதாக உள்ளே போய்விடும் எதுவும் மூன்று வயதுக்குக் கீழே கூடாது. பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர்; அதைவிடக் கொஞ்சம் பெரியதுதான் அந்தக் குழல்.

கேள்வி (மயிலாடுதுறை அருகே, ஒரு தாத்தா): அம்மா, பெங்களூரிலிருந்து பேரன் வருகிறான். ஐந்து வயது. எங்கள் காலத்து ஓலை விளையாட்டெல்லாம் சொல்லித்தர ஆசை. எதில் தொடங்கலாம்?

பதில்: ஐயா, சத்தம் வருவதில் தொடங்குங்கள், பேரன் உங்களை விட்டு நகரமாட்டான். வாய்க்கால் கரையில் பூவரசு இருக்கும். பழுக்காத, துளிருமில்லாத இலையாகப் பறித்து, காம்பைக் கிள்ளிவிட்டு, ஒரு ஓரத்திலிருந்து லேசாகச் சுருட்டுங்கள். சிறுத்த முனையை விரலால் அழுத்தித் தட்டையாக்கி ஊதினால் பீப்பீ தயார். இறுக்கிச் சுருட்டினால் ஊதாது.

அடுத்த நாள் தென்னை ஓலை. ஈர்க்கை நீக்கும் வேலை உங்களுடையது. கீற்றின் ஓரம் பிஞ்சு விரலை அறுத்துவிடும். கைக்கடிகாரம், பாம்பு, காற்றாடி என்ற வரிசை எளிதாக இருக்கும். காற்றாடிக்குக் கருவேல முள் குத்தித்தான் நமக்குப் பழக்கம். பேரனுக்கு மழுங்கிய ஈர்க்குத் துண்டு போதும். நுங்கு வண்டிக்கு இது பருவமில்லை, கோடை விடுமுறைக்கு ஒத்தி வையுங்கள். முடிந்தால் ஆடிப்பெருக்குக்கும் வரச் சொல்லுங்கள். பிள்ளைகள் சிறு சப்பரம் கட்டி, சாமி படம் ஒட்டி, விளக்கேற்றித் தெருவில் இழுத்துப் போவது நம் காவிரிக்கரையின் சொத்து. அட்டைப்பெட்டியும் நான்கு சக்கரமும் இருந்தால் எந்த வீட்டிலும் கட்டலாம். இந்தத் தலைமுறையோடு அது நின்றுபோக விடக் கூடாது.

கேள்வி (திருவாரூர்): ஆற்றுக் களிமண்ணில் செய்த பொம்மையெல்லாம் காய்ந்ததும் வெடித்துவிடுகிறது. மழை தொடங்கிவிட்டால் காயவே மாட்டேன் என்கிறது.

பதில்: நம் வண்டல் களி காயும்போது நன்றாகச் சுருங்கும். சலித்த மணல் கொஞ்சம் சேர்த்துப் பிசைந்து, பொம்மையைக் கட்டைவிரல் பருமனுக்கு மேல் போகாமல் செய்து, வெயிலில் வைக்காமல் நிழலில் ஆறவிடுங்கள். வெடிப்பு குறையும்.

ஐப்பசி அடைமழையில் களிமண்ணோடு மல்லுக்கட்ட வேண்டாம். இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு தூள் உப்பு, ஏறக்குறைய ஒரு பங்கு தண்ணீர், ஒரு கரண்டி நல்லெண்ணெய் சேர்த்துச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசையுங்கள். மஞ்சள்தூள், பீட்ரூட் சாறு, அரைத்த கீரை எல்லாம் வண்ணம் தரும். உப்பு மிகுதி என்பதால் தின்னவிடாதீர்கள், நாய்க்கும் போடாதீர்கள். பெரிய பிள்ளைகளுக்குக் காகிதக் கூழ் பிடிக்கும்: செய்தித்தாளைக் கிழித்து இரவு முழுக்க ஊறவைத்துப் பிழிந்து, ஊறிய வெந்தயத்தோடு அரைத்தால் கிண்ணத்தின் மேல் அப்பிக் கூடை செய்யலாம். பாட்டிமார் செய்த காகிதக் கூடையின் பக்குவம் இது.

கேள்வி (கும்பகோணம்): கொலு வைத்தால் நான்கு வயது மகன் எல்லாப் பொம்மையையும் எடுக்கிறான். பரணில் என் பாட்டியின் மரப்பாச்சியும், வண்ணம் பூசிய பழைய மரப்பொம்மைகளும் இருக்கின்றன. அவற்றை அவனிடம் கொடுக்கலாமா?

பதில்: மரப்பாச்சியைத் தாராளமாகக் கொடுங்கள். வண்ணம் பூசாத மரம். துணி சுற்றி, நகை மாட்டி விளையாடுவதற்கென்றே செய்தது. வண்ணம் உரியும் பழைய பொம்மைகளைக் கொடுக்காதீர்கள். வீட்டு உபயோக, அலங்கார வண்ணங்களில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. அவை மேல்படிக்குப் போகட்டும்.

தொடாதே என்று ஒன்பது நாளும் சொல்லிக்கொண்டிருந்தால் அவனுக்குக் கொலுவே வெறுத்துவிடும். படிக்கு முன்னால் தரையில் ஒரு பூங்காவை அவன் பொறுப்பில் விடுங்கள். தாம்பாளத்தில் மண் பரப்பி, கொலு வைப்பதற்கு மூன்று நான்கு நாள் முன்பே கடுகு தூவித் தண்ணீர் தெளிக்கச் சொன்னால் புல்வெளி தயாராகிவிடும். கண்ணாடித் துண்டு குளத்துக்குப் பதில் வெள்ளித்தாள் போதும்.

கேள்வி (திருவையாறு): எந்த வயதில் கத்தரிக்கோல் கொடுக்கலாம்? மகளுக்கு மூன்றரை வயது, இடது கைப் பழக்கம்.

பதில்: இப்போதே கொடுக்கலாம், நீங்கள் பக்கத்தில் இருந்தால். முனை மழுங்கிய சிறு கத்தரிக்கோலாக வாங்குங்கள். செய்தித்தாள் மடிந்துபோகும், அதில் தொடங்காதீர்கள். வீட்டில் குவிந்திருக்கும் கல்யாணப் பத்திரிகைகளை விரல் அகலக் கீற்றுகளாக நீங்கள் நறுக்கிக் கொடுத்தால், ஒரே வெட்டில் துண்டு விழும். அந்த வெற்றி அவளுக்கு வேண்டும். வளைவு வெட்டுவது நான்கு, ஐந்து வயதில் தானாக வரும். இடது கைக்கென்று தனிக் கத்தரிக்கோல் விற்கிறார்கள். சாதாரணக் கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால் அலகு வெட்டும் கோட்டை மறைக்கும், தாள் நழுவும். குழந்தைக்குக் கைவேலை வரவில்லை என்று வீட்டார் தவறாக நினைத்துவிடுவார்கள். வலது கைக்கு மாற்ற மட்டும் முயலாதீர்கள்.