தாத்தா படித்த செய்தி, பேரன் சொன்ன சொல்

கேள்வி: என் மகன் உயர்நிலைப் பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கிறான். எங்களோடு இருக்கும் மாமனாருக்கு 72 வயது. கேலாங் பக்கம் கம்பத்தில் (கிராமக் குடியிருப்பில்) வளர்ந்தவர். “இந்தியாவில் பாடப்புத்தகத்திலிருந்து முகலாயர்களை நீக்கிவிட்டார்கள், இனிமேல்தான் பிள்ளைகள் உண்மையான வரலாறு படிப்பார்கள்” என்று வாட்ஸ்அப்பில் வந்ததைச் சாப்பிடும்போது படித்துக் காட்டினார். மறுநாள் என் மகன், தொடக்கப்பள்ளியிலிருந்தே கூடப் படிக்கும் தமிழ் முஸ்லிம் நண்பனிடம், “உங்க ராஜாக்களைப் புத்தகத்துல இருந்தே தூக்கிட்டாங்க, தெரியுமா?” என்று சொல்லியிருக்கிறான். மூன்று வாரமாக அந்தப் பையன் பேசவில்லை. மாமனாரிடம் என்ன சொல்வது? மகனுக்கு எந்த வரலாற்றைச் சொல்லிக்கொடுப்பது? பள்ளிக்குத் தெரிவிக்க வேண்டுமா?
— ஒரு வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: அன்புச் சகோதரி, வரலாறு கொஞ்சம் காத்திருக்கட்டும். முதலில் அந்தப் பையன்.

உங்கள் மகன் பேசியதில் என்னை உறுத்துவது ‘உங்க’ என்ற அந்த ஒரு சொல்தான். கடையநல்லூரிலிருந்தோ நாகூரிலிருந்தோ பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு அக்பர் எப்படிச் சொந்த ராஜா ஆவார்? உங்கள் மகனுக்கு அக்பரை எதிர்த்த ராஜபுத்திர மன்னர் ராணா பிரதாப் எவ்வளவு தூரமோ, அந்தப் பையனுக்கு அக்பரும் அவ்வளவு தூரம். ஆறேழு வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவனை ஒரே வார்த்தையில் எதிர்வரிசைக்குத் தள்ளிவிட்டான். அதை அவனேதான் சரிசெய்ய வேண்டும். நீங்கள் அந்த வீட்டுக்குப் போன் செய்ய வேண்டாம். “தாத்தா சொன்னாங்க” என்று சேர்க்கவும் கூடாது. “நான் சொன்னது தப்பு, யோசிக்காம பேசிட்டேன்” என்றால் போதும். உடனே பதில் வராவிட்டாலும் விடாமல் துரத்த வேண்டாம்.

இனி, அந்தச் செய்தி. அதில் பாதிதான் உண்மை. இந்தியாவில் பாடநூல்களைத் தயாரிக்கும் அரசு அமைப்பான என்சிஇஆர்டி 2023-ல் 12-ஆம் வகுப்பு வரலாற்றிலிருந்து முகலாய அரசவை பற்றிய பாடத்தை எடுத்தது. காந்தி இந்து-முஸ்லிம் ஒற்றுமைக்குப் பாடுபட்டது இந்துத் தீவிரவாதிகளுக்குப் பிடிக்கவில்லை என்று சொன்ன வரிகளும் அப்போது அதே வகுப்பின் அரசியல் அறிவியல் புத்தகத்தில் இல்லாமல் போயின. மாணவர் சுமையைக் குறைக்கவே என்றார்கள். அந்த விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. காந்தியை ஏன் கொன்றார்கள் என்ற இரண்டு வரி எந்தப் பிள்ளைக்கும் சுமையில்லை. 2025-ல் வந்த புதிய 7-ஆம் வகுப்புப் புத்தகத்தில் டெல்லி சுல்தான்களும் முகலாயர்களும் இல்லை. ‘நீக்கிவிட்டார்கள்’ என்று செய்தி பறந்தது. ஆனால் சில மாதத்தில் வந்த 8-ஆம் வகுப்புப் புத்தகத்தில் பாபரும் அக்பரும் ஔரங்கசீப்பும் இருக்கிறார்கள். கடுமையாகத்தான் எழுதியிருக்கிறார்கள், அதற்கும் சண்டை நடந்தது. அதே புத்தகத்தில் ஒரு குறிப்பும் இருக்கிறது: கடந்த காலத்தில் நடந்தவற்றுக்கு இன்று வாழும் யாரையும் பொறுப்பாக்கக் கூடாது என்று. மாமனாருக்கு வந்த செய்தியில் இந்தக் குறிப்பு இருந்ததா என்று கேளுங்கள்.

இந்தச் சண்டை ஒரு நாட்டோடும் ஒரு மதத்தோடும் நிற்பதில்லை. பாகிஸ்தான் பாடநூல்கள் பிற மதத்தார்மீது வெறுப்பை வளர்க்கின்றன என்று 2003-ல் அந்நாட்டு ஆய்வாளர்களே அறிக்கை எழுதினார்கள். 2005, 2006-ல் கலிபோர்னியாவில் ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் இந்து மதத்தை எப்படி எழுதுவது என்பது நீதிமன்றம் வரை போனது. நம் சிங்கப்பூரிலும் 1984-ல் சமய அறிவு கட்டாயப் பாடமாக வந்தது. மதப் பற்று அளவுமீறிச் சூடேறுகிறதோ என்ற கவலையில் 1989-ல் அரசே அதைக் கைவிட முடிவெடுத்தது.

மகனுக்கு எந்த வரலாறு என்று கேட்டீர்கள். சிங்கப்பூரை நிறுவியதாகச் சொல்லப்படும் இளவரசன் சாங் நீல உத்தமன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘செஜாரா மெலாயு’ என்ற பழைய மலாய் வரலாற்று நூல் அவனை இஸ்கந்தர் சுல்கர்னைன், அதாவது அலெக்சாந்தர், வழிவந்தவன் என்கிறது. அதே வம்சாவளியில் சோழ ராஜாவையும் கோத்திருக்கிறது. இதை யார் எழுதினார்கள், யாருக்காக, ஏன் இப்படி ஒரு வம்சம் தேவைப்பட்டது என்று கேட்கத்தான் வரலாற்று வகுப்பில் ஆதாரங்களைக் கொடுத்துப் பழக்குகிறார்கள். தாத்தாவின் வாட்ஸ்அப் செய்தியையும் அதே கேள்விகளோடு இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படிக்கட்டும்.

மாமனாரின் வாயை அடைக்காதீர்கள், சகோதரி. அவரிடம் வேறு ஒரு வரலாறு இருக்கிறது, அதை யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள். 1964 ஜூலை 21, நபிகள் பிறந்தநாள் ஊர்வலம் கேலாங்கை நோக்கிப் போனபோது மூண்ட கலவரத்தில் 23 பேர் இறந்தார்கள். அன்று அவர் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன். ஊரடங்கில் வீட்டில் என்ன சமைத்தார்கள், யார் கதவைத் தட்டியபோது பயந்தார்கள், பக்கத்து வீட்டு மலாய்க்காரரோடு மறுபடி எப்போது பேசினார்கள் என்று பேரனைக் கேட்கச் சொல்லுங்கள். பள்ளியில் இன நல்லிணக்க நாள் அந்தத் தேதியில் வருவது எதனால் என்று அவனுக்கு அப்போது புரியும்.

ஒரு சனிக்கிழமை மூவருமாக சவுத் பிரிட்ஜ் ரோட்டுக்கும் போய்வாருங்கள். 1826-ல் சோழமண்டலக் கரைத் தமிழ் முஸ்லிம்கள் அமைத்த ஜாமியா சூலியா பள்ளிவாசல். ஒரு தெரு தள்ளி 1827-ல் நாராயண பிள்ளை தொடங்கிய மாரியம்மன் கோவில். பள்ளிவாசலை ஒட்டியது மாஸ்க் ஸ்திரீட், கோவிலை ஒட்டியவை பகோடா ஸ்திரீட்டும் டெம்பிள் ஸ்திரீட்டும். ஒரு வாசலிலிருந்து மறு வாசலுக்கு நடக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.

பள்ளிக்குப் புகாராக எதுவும் போக வேண்டாம். மன்னிப்புக் கேட்டபின், வகுப்பாசிரியரிடம் நடந்ததை மகனே சொல்லட்டும். அந்தப் பையன் இந்த மூன்று வாரமும் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டான் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.