எம்யூஐ பட்டனில் என் சிஎஸ்எஸ் ஏன் எடுபடவில்லை?

ரியாக்ட் ப்ராஜெக்டில் எம்யூஐ லைப்ரரியை (பட்டன் போன்றவற்றைத் தயாராகத் தருவது) சேர்த்துவிட்டீர்கள், பட்டனும் வருகிறது. ஆனால் தனி ஃபைலில் எழுதும் சிஎஸ்எஸ் எடுபடவில்லை, தொட்டதற்கெல்லாம் இம்பார்ட்டன்ட் (மற்ற விதிகளை மீறவைக்கும் குறி) போட வேண்டியிருக்கிறது என்கிறீர்கள். இன்ஸ்டாலில் கோளாறு இல்லை. வரிசைதான் பிரச்சினை.

எம்யூஐ தன் ஸ்டைல்களை எமோஷன் என்ற ஸ்டைல் கருவி மூலம் உருவாக்கி, ஹெட் டேகின் கடைசியில் செருகுகிறது. உங்கள் கிளாஸும் அதன் கிளாஸும் சம பலம் என்றால், பின்னால் வருவதே ஜெயிக்கும். ஆப்பைச் சுற்றி ஸ்டைல்டுஎன்ஜின்ப்ரொவைடரைப் போட்டு, அதற்கு இன்ஜெக்ட்ஃபர்ஸ்ட் என்ற ப்ராப்பைக் கொடுங்கள். எமோஷன் ஸ்டைல்கள் ஹெட்டின் தொடக்கத்துக்குப் போய்விடும். அதோடு கணிசமான இம்பார்ட்டன்ட்களை அழித்துவிடலாம்.

எல்லாம் போய்விடாது. பட்டனைப் பச்சையாக்க ஒரு கிளாஸ் எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். பச்சையாகிறது. மவுஸை மேலே கொண்டுபோனால் அடர் நீலம்! ஹோவருக்கென்று லைப்ரரி தனி விதி வைத்திருக்கிறது. கிளாஸோடு ஹோவரும் சேர்வதால் அதன் பலம் உங்களுடையதைவிட ஒரு படி கூடுதல். அதைச் சரிசெய்தால் அடுத்து டிசேபிள்டு (அழுத்த முடியாத) நிலை வந்து நிற்கும். துரத்திக்கொண்டே இருக்கலாம். நிறத்தை மாற்ற வேண்டிய இடம் சிஎஸ்எஸ் அல்ல, தீம், அதாவது மொத்த ஆப்பின் தோற்றத்தையும் ஒரே இடத்தில் வைக்கும் அமைப்பு. கிரியேட்தீமில் பேலட்டுக்குள் ப்ரைமரி, அதற்குள் மெயின் என்ற இடத்தில் பச்சையைக் கொடுங்கள். ஹோவருக்கான அடர் பச்சையையும், மேலே வரும் எழுத்து வெள்ளையா கறுப்பா என்பதையும் அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும்.

பட்டனில் ஆங்கில எழுத்துகள் எல்லாம் கேப்பிட்டலாக வருவதும் இதே கதைதான் (யாருக்குத்தான் அது பிடிக்கிறதோ!). டைப்போகிராஃபியில் பட்டனுக்கு டெக்ஸ்ட்டிரான்ஸ்ஃபார்ம் நன் என்று ஒரு வரி போதும். இடைவெளிக்கும் இஷ்டத்துக்கு பிக்சல் எழுத வேண்டாம். ஸ்பேசிங் 1 என்றால் 8 பிக்சல், 2 என்றால் 16. சிஎஸ்எஸ்பேஸ்லைனையும் சேர்த்துவிடுங்கள், பாடியின் மார்ஜின் தொல்லை போகும்.

எல்லா காம்பொனென்டுக்கும் சொந்த உறை (அதைச் சுற்றி நம்முடைய ஒரு காம்பொனென்ட்) எழுதச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பட்டன், டெக்ஸ்ட்ஃபீல்டு, டயலாக் மூன்றுக்கும் எழுதினால் போதும். நாளைக்கு லைப்ரரி மாறினால் அதிகம் உடைவது இவைதான். மற்றதை நேரடியாக இம்போர்ட் செய்யுங்கள். ஐகானை மட்டும் அதனதன் தனிப் பாதையிலிருந்து எடுங்கள். மொத்தப் பேக்கேஜின் பெயரைப் போட்டு எடுத்தால் டெவ் சர்வர் கிளம்பவே நேரமாகும்.

ரியாக்ட் மீது கட்டிய ஃப்ரேம்வொர்க்கான நெக்ஸ்ட்ஜேஎஸ்ஸின் ஆப் ரவுட்டரைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் இன்ஜெக்ட்ஃபர்ஸ்ட் வழி வேண்டாம். எம்யூஐ அதற்கென்றே தரும் ஆப்ரவுட்டர்கேஷ்ப்ரொவைடரை லேஅவுட்டில் வைத்து, எனேபிள்சிஎஸ்எஸ்லேயர் என்ற ஆப்ஷனை ட்ரூ ஆக்குங்கள். லைப்ரரியின் ஸ்டைல்கள் ஒரு சிஎஸ்எஸ் லேயருக்குள் (பலம் குறைந்த தனி அடுக்கு) போய்விடும். லேயருக்கு வெளியே நீங்கள் எழுதும் சாதாரண சிஎஸ்எஸ் எப்போதும் அதை மீறும், ஹோவர் உட்பட.