தடைப்பட்டியல் போட்டால் நல்ல மடலும் திரும்பிப் போகுமா?

கும்பகோணத்தில் நெல் வியாபாரத்துக்குச் சொந்த மெயில் சர்வர் வைத்திருக்கிறீர்கள். ஸ்பேம் குவிகிறது, ஸ்பேம் அனுப்பும் ஐபி முகவரிகளைத் தொகுத்து வைத்திருக்கும் தடைப்பட்டியலை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நம்பலாம், ஆனால் ஒரே பட்டியலை நம்பி மடலை மறுக்காதீர்கள்.

மடல் அனுப்பும் ஐபி 192.0.2.10 என்றால், சர்வர் அதைத் திருப்பிப் போட்டு 10.2.0.192 என்று பட்டியலின் பெயரோடு சேர்த்து டிஎன்எஸ்ஸில் (இணையப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் அமைப்பு) கேட்கும். 127.0.0.2 போல விடை வந்தால் அந்த ஐபி பட்டியலில் இருக்கிறது. பலர் சறுக்குவது இங்கேதான்: 8.8.8.8 போன்ற பொது ரிசால்வர் (டிஎன்எஸ் கேள்விக்கு விடை தேடித் தரும் சர்வர்) வழியாகக் கேட்டால், தடைப்பட்டியல் நடத்தும் ஸ்பாம்ஹாஸ் அமைப்பு 127.255.255.254 என்ற பிழைக் குறியீட்டைத் தரும். சர்வர் அதையும் ‘பட்டியலில் உண்டு’ என்று எடுத்துக்கொண்டால், தஞ்சாவூர் வியாபாரியின் மடல்கூடத் திரும்பிவிடும். அதைத் தவிர்க்க, முதலில் உங்கள் சர்வரிலேயே அன்பவுண்ட் என்ற ரிசால்வர் மென்பொருளைப் போடுங்கள். அப்புறம் போஸ்ட்ஃபிக்ஸ் மெயில் மென்பொருளின் வடிகட்டியான போஸ்ட்ஸ்கிரீனில் இரண்டு மூன்று பட்டியல்களுக்கு மதிப்பெண் கொடுத்து, கூட்டுத்தொகை எல்லையைத் தொட்டால் மட்டும் மறுக்கச் சொல்லுங்கள். குறுவை அறுவடை நேரத்தில் ஒரு கொள்முதல் மடல் தொலைந்தாலும் நஷ்டம்தான். அதனால் முதல் வாரம் எதையும் மறுக்காமல் லாகை (சர்வரின் பதிவுகளை) மட்டும் பாருங்கள்.