பொம்மைப் படத்தில் சாவு வரலாமா?

கேள்வி: ‘அப்’ என்ற அனிமேஷன் படத்தைக் குடும்பத்தோடு பார்க்கலாம் என்று போன இதழில் சிபாரிசு செய்திருந்தீர்கள். நம்பி டிவியில் போட்டேன். பத்து, பன்னிரண்டு நிமிஷத்துக்குள் கதாநாயகி கிழவியாகிச் செத்தே போகிறாள். என் மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார். ஏழு வயது மகள், “அந்தப் பாட்டி எங்கம்மா போனாங்க?” என்று நச்சரிக்கிறாள். படத்தை நிறுத்திவிட்டு வேறு சேனல் மாற்றினேன். பொம்மைப் படம் என்றால் பிள்ளைகள் சிரிக்க வேண்டாமா? இதுவா எல்லா வயதினருக்குமான படம்?

– ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: மாமியார் அழுதிருக்கிறார், மகள் கேள்வி கேட்டிருக்கிறாள், உங்களுக்குக் கோபம் வந்திருக்கிறது. ஒரே காட்சி மூன்று தலைமுறையையும் மூன்று விதமாக உலுக்கியிருக்கிறது. எல்லா வயதினருக்குமான படம் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? நீங்கள் படம் போட்டதில் தப்பில்லை, நிறுத்திய இடம்தான் தப்பு.

அந்தப் பகுதியில் வசனமே கிடையாது, கவனித்தீர்களா? நாலரை நிமிஷம் போல இசை மட்டும்தான். கதாநாயகன் கார்லும், நீங்கள் கிழவியாகிச் செத்தாள் என்ற எல்லியும் கல்யாணம் செய்துகொள்கிறார்கள், இடிந்து கிடந்த வீட்டைச் சரிசெய்கிறார்கள், பிறக்கப்போகும் குழந்தைக்காக ஓர் அறையில் சித்திரம் வரைகிறார்கள். அடுத்த காட்சி ஆஸ்பத்திரி. எல்லி முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான், விளக்கம் எதுவும் இல்லை. அப்புறம் தென் அமெரிக்காவில் இருக்கும் அருவியைப் பார்க்கப் போகலாம் என்று ஒரு கண்ணாடி ஜாடியில் காசு சேர்க்கிறார்கள். கார் டயர் வெடிக்கிறது, கார்லுக்குக் கால் முறிகிறது, கூரைமேல் மரம் விழுகிறது. ஒவ்வொரு தடவையும் அந்த ஜாடியை உடைத்துத்தான் செலவைச் சமாளிக்கிறார்கள். நடுவே எல்லி தினமும் அவருக்கு டை கட்டிவிடுகிறாள். டையின் நிறமும் கோடும் மாறிக்கொண்டே வர, கட்டுகிற கையும் கட்டிக்கொள்கிற கழுத்தும் கிழடாகின்றன. வருஷங்கள் ஓடியதைக் காட்ட இது போதும் என்று இயக்குநர் பீட் டாக்டரும் படத்தைத் தயாரித்த பிக்சார் கம்பெனிக்காரர்களும் துணிந்திருக்கிறார்கள்.

மாமியார் எதற்காக அழுதார் என்று அவரிடம் கேட்டீர்களா? காசி, ராமேசுவரம் போக என்று சேர்த்த பணத்தைப் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டக் கொடுத்தவர்களும், தண்ணீர் வராத போருக்குள் கொட்டியவர்களும் தர்மபுரிப் பக்கம் எந்தத் தெருவில் இல்லை? எல்லி யார் என்று அவருக்குத் தமிழில் பேசிக் காட்ட வேண்டியதில்லை. உங்கள் வீட்டுக்கு வாழ வந்த பிறகு அவர் எந்த ஜாடியை எத்தனை முறை உடைத்தார் என்பது உங்களுக்கும் தெரியாமல் இருக்கலாம். படத்தை நிறுத்தியதற்குப் பதில் அதைக் கேட்டிருக்கலாம்.

குழந்தைக்கு முன்னால் சாவைக் காட்டலாமா என்பது உங்கள் அடுத்த கவலை. நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் திரௌபதி அம்மன் கோயில்களிலும் பாரதக் கூத்து நடக்கிறது. முன்வரிசையில் பாயை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது யார்? பிள்ளைகள்தான். கூத்துக் கோமாளியான கட்டியங்காரன் கிண்டலுக்கு விழுந்து விழுந்து சிரித்த அதே பிள்ளைகள்தான் அபிமன்யு விழும்போது வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். துரியோதனன் சாகிற படுகளத்தன்று, களிமண்ணில் செய்த துரியோதனனை அப்பா தோளில் ஏறிப் பார்த்த பிள்ளைகள் யாரும் அதனால் கெட்டுப்போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. பக்கத்தில் ஆயாவும் அப்பாவும் உட்கார்ந்திருக்கிறார்கள், சந்தேகம் வந்தால் கேட்கலாம், தூக்கம் வந்தால் மடியில் சாயலாம். குடும்பத்தோடு பார்ப்பது என்றால் அதுதானே?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வயதைப் பார்த்துக் காட்டட்டும் என்றுதான் தணிக்கை வாரியம் 2024 கடைசியில் யு/ஏ சான்றிதழை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தது. பண்டிகை நாளில் தியேட்டர் வாசலில் போய் நில்லுங்கள். 16+ போட்ட அரிவாள் படத்துக்குக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிற குடும்பங்களைப் பார்ப்பீர்கள். இடைவேளைக்குள் இருபது தலை உருண்டால் அது ‘மாஸ்’. ஒரு பாட்டி வயதாகிப் போய்ச் சேர்ந்தால் மட்டும் ‘ஐயோ, குழந்தை பார்க்கிறதே’!

பொம்மைப் படம் என்று நீங்கள் தள்ளிவைத்த இதைப் போட்டுத்தான் 2009-இல் கான் திரைப்பட விழாவைத் தொடங்கினார்கள். ஓர் அனிமேஷன் படம் அந்த விழாவைத் தொடங்கிவைத்தது அதுதான் முதல் தடவை. ஆஸ்கரிலும் சிறந்த படத்துக்கான பொதுப் போட்டியில் இடம் பிடித்தது. அதற்கு முன்னால் அங்கே போன அனிமேஷன் படம் ‘பியூட்டி அண்ட் தி பீஸ்ட்’ ஒன்றுதான்.

அப்பாவுக்கு இரண்டு ஜோக், பிள்ளைக்கு ஒரு குத்துப்பாட்டு, பாட்டிக்குக் கடைசியில் ஒரு சாமி என்று ஆளுக்கொரு துண்டு போடுகிற படங்களும் ‘குடும்பச் சித்திரம்’ என்றே வருகின்றன. அதில் உங்கள் துண்டு முடிந்ததும் நீங்கள் செல்போனை எடுத்துவிடுவீர்கள். இந்தப் படம் அப்படிப் பங்கு போடுவதில்லை.

நீங்கள் பார்க்காமல் விட்ட ரஸ்ஸல் என்ற எட்டு வயதுப் பையனைப் பற்றிச் சொல்கிறேன். சாரணர் மாதிரி உடையில் தோள்பட்டை முழுக்க பேட்ஜ் குத்தியிருப்பான். ஒன்றே ஒன்று பாக்கி, யாராவது முதியவருக்கு உதவினால் கிடைப்பது. பேட்ஜ் கொடுக்கிற விழாவுக்கு அப்பா வந்து தன் கையால் குத்திவிடுவார் என்று நம்பிக்கொண்டிருக்கிறான். முன்பெல்லாம் அப்பாவோடு ஐஸ்கிரீம் கடை வாசலில் உட்கார்ந்து, ஆளுக்கொரு நிறமாகப் போகிற கார்களை எண்ணியதைச் சொல்கிறான். கேட்க ஒன்றுமில்லாத விஷயம்தான், ஆனால் அதுதான் அதிகம் ஞாபகம் இருக்கிறதாம். அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலையில் இருக்க, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவர்கள் வருகிற பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் பென்னாகரம் பக்கம் உண்டு. அவர்களில் ஒருவன் உங்கள் மகள் வகுப்பிலேயே இருக்கலாம். அவனைப் பற்றி அவளிடம் பேச ஒரு வழி கிடைக்கிறதே, அதைக் கெடுப்பானேன்?

சரி, படத்தில் குறையே இல்லையா? உண்டு. பின்பாதியில் வில்லனைத் துரத்துவது நீளம். நாய்கள் விமானம் ஓட்டுவதெல்லாம் எனக்கு ஒட்டவில்லை. பிள்ளைகளுக்கு அந்த இடம்தான் உயிர் என்பதால் வாயை மூடிக்கொள்கிறேன்.

பாட்டி எங்கே போனார் என்று மகள் கேட்டதற்குச் ‘செத்துப்போயிட்டாங்க’ என்று சொல்லுங்கள். தூங்குகிறார், ஊருக்குப் போயிருக்கிறார் என்றெல்லாம் சொல்லாதீர்கள், அப்புறம் மாமியார் ஊருக்குக் கிளம்பினாலே பயப்படுவாள். எல்லி ஓர் ஆல்பம் வைத்திருந்தாளே, அதன் மீதிப் பக்கங்கள் காலி என்றுதான் கார்ல் கடைசிவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். அதைத் திறந்து பார்க்கும் இடம் வரைக்குமாவது மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து உட்காருங்கள். அதற்குப் பிறகுதான் நாய்கள் விமானத்தில் ஏறும். அப்போது நீங்கள் எழுந்து போய்க் களி கிண்டலாம். ரஸ்ஸலுக்கு பேட்ஜ் குத்த மேடைக்கு யார் வருகிறார் என்று பார்க்க மட்டும் அடுப்பை அணைத்துவிட்டு வந்துவிடுங்கள்.